சராசரி மீட்டர் அசையவே இல்லை

உங்கள் பிரிவுத் தலைவர் போன மாதம் போன் செய்து, புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்காக என் சாதனைகளைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். நானும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். சாதனை அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, செய்த தவறை எழுத உட்கார்ந்தேன். பேனா நிற்கவே இல்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு உங்கள் தலைவர் முகம் சுளித்தால் பழியை என் மேல் போடுங்கள். ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு இனி மெமோ கொடுக்க யாராலும் முடியாது.

நீங்கள் எல்லோரும் அணு உலையின் நிலைத்தன்மையைக் கணக்குப் போடுகிற பிரிவில் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களை நான் பார்த்ததில்லை, ஆனால் நன்றாகத் தெரியும். காலையில் ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்து, உலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், அதன் குணநலன்களைப் பற்றித் தீர்ப்பு சொல்லுவீர்கள். பெண்ணைப் பார்க்காமல் ஜாதகத்தை வைத்தே கல்யாணத்தை முடிக்கிறவர்கள் மாதிரி. நானும் முப்பது வருடத்துக்கு மேல் அப்படி ஜாதகம் பார்த்தவள்தான். பொருத்தம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் ஆபத்து.

அடுத்த பத்தி உங்கள் வீட்டில் இதைப் படிக்கப்போகிற அப்பா அம்மாவுக்காக. உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்று தாண்டிப் போகத் தோன்றும். தாண்டாதீர்கள்.

நம்முடைய உலையில் தண்ணீர் உள்ளேயே கொதிக்கிறது. எரிபொருள் கம்பிகளுக்கு நடுவே கீழிருந்து மேலே ஏறும்போது குமிழி குமிழியாக ஆவியாகிறது. குமிழி அதிகமானால் அணுப்பிளவு குறையும், சக்தி இறங்கும். சக்தி இறங்கினால் குமிழி குறையும். குமிழி குறைந்தால் சக்தி மறுபடி ஏறும். இப்படி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும். சாதாரண நாட்களில் இந்தத் துரத்தல் ஓரிரு சுற்றில் அடங்கிவிடும். ஆனால் தண்ணீரைத் தள்ளுகிற பம்புகளில் ஒன்று நின்று, ஓட்டம் மெதுவாகி, சக்தி மட்டும் உயரத்திலேயே இருந்தால், அடங்காது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடப் பெரிதாகும். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை உலை மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். அதை வளரவிட்டால் எரிபொருள் கம்பியின் உறை தாங்காது.

எந்த ஓட்டத்தில் எந்த சக்தியில் இந்த ஊசலாட்டம் வரும், எங்கே வராது என்று கணக்குப் போட்டு ஒரு வரைபடம் தயாரிப்பது என் வேலை. எல்லோரும் அதை மேப் என்பார்கள். அதில் சிவப்பாக ஒரு மூலை இருக்கும். சிவப்புக்குள் போய்விட்டால் யோசிக்காமல் உலையை நிறுத்த வேண்டும். சிவப்புக்கு வெளியே இருந்தால் பதறாமல் கட்டுப்பாட்டுத் தடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்திச் சக்தியைக் குறைத்துக்கொள்ளலாம். மேப்பின் அடியில் என் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்தை நான் கொஞ்சம் அழகாகவே போடுவேன்.

நம் நிலையத்தில் அப்போது புதுச்சேரிக்காரர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவன் சாதிக். வில்லியனூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகன். சேர்ந்த முதல் நாளே கேன்டீனில் என்னைத் தேடி வந்து, "மேடம், நீங்க கரிக்கலாம்பாக்கமாமே. நம்ம கடை தெரியுமா, கோயிலாண்ட?" என்று கேட்டான். வடக்கே அத்தனை தூரத்தில், சப்பாத்திக்கு நடுவே, 'கோயிலாண்ட' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அவனைப் பிடித்துப் போய்விட்டது. நாலைந்து வருடத்தில் கட்டுப்பாட்டு அறையில் பேனலுக்கு முன்னால் உட்காருகிற அளவுக்கு வந்துவிட்டான். பேச்சு அதிகம். கேள்வி அதைவிட அதிகம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், கடும் கோடையில், ஒரு மத்தியானம் பம்புகளில் ஒன்று நின்றுபோனது. பேனலில் சாதிக் இருந்தான். உலை சிவப்பு மூலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பக்கத்தில்தான், உள்ளே இல்லை. தடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பொத்தானை அழுத்தி எல்லாத் தடிகளையும் ஒரே அடியாக உள்ளே இறக்கி உலையை நிறுத்திவிட்டான்.

கோடையில் உலை நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மின்தொகுப்பு அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். சாயங்காலமே கூட்டம். நிலையத் தலைவர் கெட்டவர் அல்ல. தலைவலியோடு இருந்தார், அவ்வளவுதான். உலையின் மொத்த சக்தியைக் காட்டுகிற சராசரி மீட்டரின் பதிவை மேசை மேல் விரித்தார். பம்ப் நின்றபோது ஒரு இறக்கம். அப்புறம் கோடு நேராகப் போனது. நிறுத்துகிற வரைக்கும் நேர்கோடுதான்.

"ஊசலாட்டம் என்கிறாயே, எங்கே? ஊசி அசையவே இல்லையே" என்று சாதிக்கைக் கேட்டார்.

சாதிக், "அசைந்தது சார், ஆனால் அதில் இல்லை..." என்று தொடங்கினான்.

அதற்குள் நான் பேசிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. "அந்த இடத்தில் ஊசலாட்டம் வராது. கணக்கு தெளிவாக இருக்கிறது" என்றேன். தலைவர் நிம்மதியாகத் தலையாட்டினார். நானும் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாதிக் திறந்த வாயை மூடிக்கொண்டான். பையன் பயந்துவிட்டான் என்று முடிவாகி, விசாரணை முடிகிற வரைக்கும் பேனல் பக்கம் வரவேண்டாம் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் நானும் ஊருக்கு வந்தேன். என் தம்பி ஏழுமலை கரும்பு நிலத்தில் பாதியை மனை போட்டு விற்றுவிட்டு, மீதி நிலத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டியிருந்தான். அதற்குப் புதுமனை புகுவிழா. நான் வந்து இறங்கிய நேரத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக என் வேலையைப் பற்றி விசாரித்தார்கள்.

"அங்க நீ இன்னாதாம்மா பண்ற? அது கொதிக்காம பாத்துக்கிறியா?"

"கொதிக்கணும் மாமா. ஒழுங்கா கொதிக்குதான்னு பாத்துக்கறேன்."

"அதுக்கா இவ்ளோ சம்பளம்?"

மாமா கேட்டதில் நியாயம் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பால் காய்ச்சுவதற்குப் பித்தளைப் பானை வாங்கித் தருவது அக்கா முறை. அதற்காக விழாவுக்கு முந்தின நாள் காலை, தம்பியின் பைக்கில் பின்னால் ஏறி வில்லியனூருக்குப் போனேன். சாதிக்கின் கடைக்குத்தான். பானை ஒரு சாக்கு. பையனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி, பயப்படுவது தப்பில்லை, அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்று தட்டிக்கொடுத்துவிட்டு வரலாம் என்று மனதுக்குள் ஒரு சொற்பொழிவே தயார் செய்து வைத்திருந்தேன்.

கடையில் சாதிக்கின் அத்தா இருந்தார். நான் யார் என்று சொன்னதும், "வாங்கம்மா, வாங்க! எங்க புள்ள எப்பவும் உங்க பேச்சுதான்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க இன்னாம்மா நடந்துச்சு? லீவுன்னு வந்தான். பத்து நாளா குண்டானைத் தொடைச்சிக்கினு இருக்கான். தொடைச்ச குண்டானையே தொடைக்கிறான். கேட்டா வாய தொறக்க மாட்டேன்றான். என் புள்ள எதுனா தப்பு பண்ணிட்டானா?" என்று கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்ல பாய்" என்றேன்.

இந்த 'பெருசா ஒண்ணுமில்ல' என்பது எவ்வளவு கோழைத்தனமான சொல் என்று உங்கள் பணிக்காலத்தில் ஒரு நாள் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

சாதிக் உள்ளிருந்து ஒரு சொம்போடு வந்தான். என்னைப் பார்த்ததும் சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நான் பானையைத் தேர்ந்தெடுத்தேன். தம்பி பெயரையும் தேதியையும் வெட்டித் தரச் சொன்னேன். அத்தா பெயர் வெட்டுகிற மெஷினை எடுத்துப் பானை மேல் வைத்து அழுத்தினார். ட்ர்ர்ர் என்று கடையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுதான் கேட்கும். சொற்பொழிவுக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது என்று தொடங்கினேன்.

"சாதிக், பயப்படறது தப்பில்ல. உன் வயசுல நானும்..."

மெஷின் நின்றது. நானும் நின்றேன். அத்தா பானையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "ஏழுமலைக்கு எந்த 'ளு'ம்மா?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி ட்ர்ர்ர்.

"...நானும் பயந்திருக்கேன். அனுபவம் வந்தா..."

"மேடம்" என்றான் சாதிக். "அன்னிக்கு எல்லாரும் என்னை ஏன் நிறுத்தினேன்னுதான் கேட்டாங்க. நீங்க அதுகூட கேக்கல. அங்க இன்னா பாத்தேன்னு ஒருத்தர் கேக்கலையே மேடம்."

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் சுருக்கென்றது. சொற்பொழிவின் மீதியை விழுங்கிவிட்டு, "சரி, இன்னா பாத்த?" என்று கேட்டேன்.

அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். இடது கை மெல்ல மேலே போனது, வலது கை கீழே இறங்கியது. பிறகு வலது மேலே, இடது கீழே. மறுபடி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக.

"உள்ள தனித்தனியா சின்னச் சின்ன மீட்டர் இருக்கில்ல மேடம், அதுல பாத்தேன். இடது பக்கம் இருக்கறதெல்லாம் ஏறுது, வலது பக்கம் எல்லாம் இறங்குது. அப்புறம் அது இறங்குது, இது ஏறுது. ரெண்டையும் கூட்டிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. சராசரி மீட்டர் சும்மா நிக்குது. அது நிக்கறதப் பாத்துதான் எனக்கு பயமே வந்துச்சு. தானா நிறுத்தற சிஸ்டமும் சராசரியத்தான பாக்குது? அது முழிச்சிக்கவே முழிச்சிக்காதேன்னு தோணுச்சு. அமுக்கிட்டேன்."

மெஷின் நின்றது. நாங்கள் இருவரும் பானைகளைப் பார்த்தோம். அத்தா எங்களைப் பார்த்தார். "ஏம்மா, நான் நிறுத்தினா நீங்களும் நிறுத்திடறீங்க?" என்றார். பிறகு தேதியை வெட்டத் தொடங்கினார்.

எனக்கு இன்னும் வீம்பு போகவில்லை. "ஆனா அந்த இடத்துல வரக் கூடாதேப்பா. கணக்குல இல்லையே" என்றேன்.

"அது எனக்குத் தெரியாது மேடம். நான் பாத்தத சொல்றேன். அன்னிக்கு ஷிஃப்டே கொஞ்சம் தகராறுதான். காலையிலேந்து ஹீட்டர் வேற வெளியில இருந்துச்சு, எங்களுக்கு அதுவே..."

"எந்த ஹீட்டர்?"

"உலைக்குப் போற தண்ணிய சூடு பண்ணுமே, அதுல ஒண்ணு. லீக்குன்னு கழட்டி வச்சிருந்தாங்க."

அந்த நொடியில் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வேண்டுமானால், மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போவது போல இருந்தது. ஹீட்டர் இல்லையென்றால் உலைக்குள் போகிற தண்ணீர் குளிர்ந்து போகும். குளிர்ந்த தண்ணீர் போனால் ஊசலாட்டம் சீக்கிரமே வரும், சிவப்பு மூலை பெரிதாகும். இதைப் பாடமாக நானே எத்தனையோ பேருக்கு நடத்தியிருக்கிறேன். என் மேப்பிலும் எழுதியிருந்தேன். அடிக்குறிப்பில், பொடி எழுத்தில், 'எல்லா ஹீட்டர்களும் இயங்கும் நிலையில் மட்டும்' என்று.

"அடிக்குறிப்புல போட்டிருக்கேனே, நீங்க பாக்கலியா?" என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் தப்பு அவர்கள் பக்கம்தான்.

"எங்க பேனல்ல இருக்கற மேப்ல அடிக்குறிப்பே இல்லையே மேடம். லேமினேட் பண்றதுக்கு அடியில வெட்டிட்டாங்க. உங்க கையெழுத்துகூட பாதிதான் இருக்கு."

அந்த லேமினேட் செய்த நகலைச் சரிபார்த்து அனுப்பியது யார் என்று உங்களைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். என் மேசையிலிருந்துதான் போனது. நான் அதில் பார்த்தது கையெழுத்து தெரிகிறதா என்பதை மட்டும்தான்.

பானையை மறந்துவிட்டுக் கடையிலிருந்து இறங்கினேன். நாளைக்குத் தானே கொண்டுவந்து தருவதாக அத்தா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். பாதி வழியில், சாலையோர டீக்கடை ஒன்றில் பைக்கை நிறுத்தச் சொல்லி நிலையத்தின் பதிவு அறைக்குப் போன் போட்டேன். தம்பிக்கு எரிச்சல். "ஏங்கா, மேளக்காரனுக்கு சொல்லணும், வாழ எல வரல, நீ இன்னா நடு ரோட்டுல ஆபீஸ் நடத்துற?"

"அஞ்சு நிமிஷம்டா."

அன்றைய அலாரப் பதிவை எடுத்து, பம்ப் நின்ற நேரத்திலிருந்து வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். உலை நின்றால் அலாரம் நூற்றுக்கணக்கில் விழும். அதனால் யாரும் அதைப் படிப்பதில்லை, கட்டிப் போட்டுவிடுவார்கள். பதிவு அறைக்காரர் சலிப்போடு படித்தார். முதலில் வேறு என்னென்னவோ வந்தது. அப்புறம்: இடதுபுற மீட்டர், அதிகம். வலதுபுற மீட்டர், குறைவு. வலதுபுறம் அதிகம். இடதுபுறம் குறைவு. இடதுபுறம் அதிகம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை விநாடிக்கும் குறைவு. படித்துக்கொண்டே போனவரின் குரலில் இருந்த சலிப்பு மெல்லக் காணாமல் போனது. "மேடம், இது என்ன தாளம் மாதிரி இருக்கிறது?" என்றார்.

தம்பி வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. சாதிக் தன் இரண்டு கைகளால் காட்டியதுதான் அந்தத் தாளில் இருந்தது. அவன் என் மேப்பை நம்பிப் பொறுமையாகத் தடியை விட்டுக்கொண்டிருந்தால், ஊசலாட்டம் வளர்ந்திருக்கும். எந்தத் தானியங்கியும் உலையை நிறுத்தியிருக்காது. நான் அதே நேரத்தில் ஏசி அறையில் டீ குடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு. என்னைப் போனில் இணைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அலாரப் பதிவையும் ஹீட்டர் விஷயத்தையும் அன்று சாயங்காலமே நிலையத் தலைவருக்கு எழுதி அனுப்பினேன். மறுநாள் விசாரணைக்கு முன்னால், பூஜை முடிந்து எல்லோரும் காலைப் பந்திக்கு உட்காருகிற நேரத்தில் அவர் கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். யோசித்துப் பேசுங்கள். உங்கள் மேப்பின் மூலப் பிரதியில் அடிக்குறிப்பு இருக்கிறது. ஆகவே, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு மேப் சரியானது என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய் இல்லையே? பையனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோடு முடியும். அலாரப் பதிவைப் பிறகு தனியாக ஆராயலாம். உங்களுக்கும் ஓய்வுக்குப் பிறகு ஆலோசகர் பதவி வரப்போகிற நேரம்."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். நான் யோசிக்காமல் உண்மையின் பக்கம் பாய்ந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அந்த வாக்கியத்தை இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். 'குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு.' எவ்வளவு வழவழப்பாக இருந்தது! ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முப்பது வருடத்தில் நான் எழுதியவற்றிலேயே சுத்தமான வாக்கியம் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆலோசகர் பதவியும் எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க நான் பழகியவள் இல்லை.

வீட்டில் மைக்செட் அலறிக்கொண்டிருந்ததால், கரும்புத் தோட்டத்தில் இருக்கிற மோட்டார் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். மோட்டாரை நிறுத்தச் சொன்னதற்குத் தம்பி, "பாக்கறதையெல்லாம் நிறுத்துறதுதான் உங்க ஆபீஸ்ல வேலையா?" என்று கேட்டுக்கொண்டே நிறுத்தினான்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நிலையத் தலைவரும் இருந்தார். என் முறை வந்தது. "குறிப்பிட்ட" என்று தொடங்கியேவிட்டேன். அந்த ஒரு சொல் வெளியே வந்ததும், முந்தின நாள் கடையில் 'பெருசா ஒண்ணுமில்ல பாய்' என்று சொன்ன அதே குரல் என் காதில் விழுந்தது. நிறுத்தினேன். போனில் யாரோ, "மேடம், கேட்கிறதா?" என்றார்கள்.

"கேட்கிறது. திருத்திச் சொல்கிறேன். பேனலில் இருந்த மேப் அன்றைய நிலைக்குத் தவறானது. ஹீட்டர் ஓடுகிறதா என்று நான் கேட்கவில்லை. அடிக்குறிப்பை வெட்டிய நகலை அனுமதித்தது நான். கூட்டத்தில் சாதிக் சொல்லவந்ததைத் தடுத்ததும் நான். ஊசலாட்டம் இருந்ததற்கு ஆதாரம் அலாரப் பதிவில் இருக்கிறது, வரி வரியாகப் படித்துப் பாருங்கள். அவன் நிறுத்தியதால்தான் எரிபொருள் தப்பியது."

குழுவில் மூத்தவர் கேட்டார்: "மேப்பை யார் சரிபார்க்கிறார்கள்?"

"நான்."

"உங்களை?"

கரும்புக்குள் மயில் ஒன்று கத்தியது. "யாரும் இல்லை" என்றேன். அதைக் குறித்துக்கொள்கிற பேனாச் சத்தம் போனில் கேட்டதாக இன்றைக்கும் நம்புகிறேன்.

வெளியே வந்தேன். பசியும் வந்துவிட்டது. பந்தலில் சாதிக்கின் அத்தா பானையோடு நின்றிருந்தார், சாதிக் பின்னால். பூஜைக்கு வரவேண்டிய பானை சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. பாலை வேறு பாத்திரத்தில் பொங்கவைத்துவிட்டார்கள். அதற்காக அவர் வருந்திச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான், "பாய், நேத்து ஒண்ணு கேட்டீங்களே. உங்க புள்ள தப்பு பண்ணல. தப்பு பண்ணது நான்" என்றேன்.

அவர் பானையை இறக்கி வைத்தார். "நீங்களாம்மா?"

"ஆமா."

"அப்ப இவனை எதுக்கு வூட்டுக்கு அனுப்பினாங்க? உங்களையில்ல அனுப்பணும்?"

"அடுத்த வருஷம் அனுப்பிடுவாங்க பாய்."

சாதிக் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டான். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. மகனின் தோளில் கை வைத்து, "குண்டானைத் தொடைச்சது போதும். டிக்கெட்டப் போடு" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி இலை முன்னால் போய் உட்கார்ந்தேன்.

எப்படி முடிந்தது என்றால், சாதிக் பேனலுக்குத் திரும்பினான். எனக்கு மெமோ வந்தது. ஆலோசகர் பதவி வரவில்லை. அதனால்தான் கரிக்கலாம்பாக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்திருக்கிறது. தலைவர் என்னோடு சில மாதம் முறைப்பாக இருந்துவிட்டு, விடைபெறும் விழாவில் மாலை போடும்போது, "அன்று நீங்கள் சொன்னதே சரி" என்று காதோரம் முணுமுணுத்தார். மைக்கில் சொல்லவில்லை. பரவாயில்லை.

குழுவின் பரிந்துரைப்படி, மேப் போடுகிறவர் மாதத்தில் ஒரு நாள் கட்டுப்பாட்டு அறையில் முழு ஷிஃப்ட்டும் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதியை நீங்கள் சபித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்குக் காரணம் நான்தான், மன்னியுங்கள். முதல் மாதம் நான் போய் நின்றபோது சாதிக், "மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க, மீட்டர் மறையுது" என்றான். அன்று எட்டு மணி நேரத்தில் என் மேப்பை யார் எப்போது எந்த அவசரத்தில் பார்க்கிறார்கள் என்று முதல்முறையாகப் பார்த்தேன். தூரத்திலிருந்து, சாய்வாக, ஒரு விநாடி. அடிக்குறிப்பு இருந்திருந்தாலும் யாராலும் படித்திருக்க முடியாது.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக ஒரு மேப் போட்டேன். சிவப்பு மூலையைப் பெரிதாக்கி, ஹீட்டர் இல்லாத நாளுக்குத் தனியாக ஒரு கோடு போட்டு, இனி ஒருவனும் குறை சொல்ல முடியாது என்று நானே கட்டுப்பாட்டு அறைக்கு எடுத்துப் போனேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டியவன் சாதிக். பேனாவைத் திறந்தான், மூடினான். மூன்று கேள்வி கேட்டான். இரண்டுக்கு நின்ற இடத்திலேயே பதில் சொன்னேன். மூன்றாவதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மேப்பைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன். அது வெளிவர இன்னும் எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளில் போட்ட கணக்குதான் என் வாழ்நாளிலேயே நான் உருப்படியாகப் போட்ட கணக்கு.

அந்த மூன்றாவது கேள்வி என்ன என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதற்கு மட்டும் பதிலைப் படித்து வைத்துக்கொள்வீர்கள், உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? சாதிக் இப்போது ஷிஃப்ட் பொறுப்பாளர். ஏசியை அணைத்துவிட்டு எழுந்து போய் அவனிடமே கேளுங்கள். உங்களுக்கென்று அவன் வேறு மூன்று வைத்திருப்பான்.